யார் வீட்டு கரன்ட்?

"மாப்ள, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?" என்று ஒரு நண்பன் போன் பண்ணினால், பெரும்பாலும் கல்யாணம், கடன், வீடு மாற்றுவது - இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். என் நண்பன் நாலாவதாக ஒன்று சொன்னான்.

"ராமநாதபுரம் பக்கம் ஒரு காலேஜுல ஆடிட். நம்பர் எழுத ஒரு ஆள் வேணும். நீ பி.காம்.தானே?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் பி.காம். முடித்துப் பதினைந்து வருஷமாகிறது. அந்தப் படிப்பை மதித்து ஒருத்தர் என்னைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. ரயிலில் போகும்போதே டெபிட், கிரெடிட் எல்லாவற்றையும் மனசுக்குள் ஒரு முறை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் போனபோது எல்லோரும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்கள். நான் பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு (ரூம் இட்லிச் சட்டி மாதிரி கொதித்தது), காரில் கிளம்பின பிறகுதான் நண்பன் விஷயத்தைச் சொன்னான். இது பண ஆடிட் இல்லையாம். கரன்ட் ஆடிட்!

சிரிக்காதீர்கள். அப்படி ஒரு உத்தியோகம் நிஜமாகவே இருக்கிறது. 2001-ல் மத்திய அரசு எரிசக்திச் சேமிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் அதற்கென்று ஒரு அலுவலகம் ஆரம்பித்தார்கள். நம் வீட்டு ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டி அனுப்புகிறார்களே, அவர்கள்தான். அவர்கள் வைக்கும் பரீட்சையில் பாஸ் செய்தால் எனர்ஜி ஆடிட்டர். சாதா ஆடிட்டர் 'பணம் எங்கே போச்சு?' என்று கேட்பார். இவர் 'கரன்ட் எங்கே போச்சு?' என்று கேட்பார். இரண்டு கேள்விக்கும் எந்த ஆபீஸிலும் ஒரே பதில்தான்: "எனக்குத் தெரியாதுங்க சார்."

"அது சரி, ஞாயித்துக்கிழமை ஏன்டா? காலேஜே லீவாச்சே?"

"அதனாலதான். ஆள் இல்லாத நாள்ல மீட்டர் எவ்வளவு ஓடுதோ, அதுதான் அந்த இடத்தோட குணம்."

மனுஷனுக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தது. குறித்துக்கொண்டேன்.

* * *

கல்லூரியின் பேர் வேண்டாம். கடல் காற்று வீசுகிற தூரத்தில், கருவேலங்காட்டுக்கு நடுவே நாலு பிளாக், ரெண்டு ஹாஸ்டல். எங்களோடு சுற்றிக் காட்ட வந்தவர் அங்கே இருபது வருஷமாக இருக்கும் எலெக்ட்ரீஷியன் அண்ணன். டெஸ்டரைச் சட்டைப் பையில் பேனா மாதிரி குத்தியிருந்தார்.

முதல் பிளாக் வாசலிலேயே 'விர்ர்' என்று சத்தம். உள்ளே ஒரு ஈ, காக்கை இல்லை. ஆறு ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. காலி பெஞ்சுகள் சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

"அங்கிட்டு மாடியில பூராம் இப்படித்தான் தம்பி ஓடும்" என்றார் அண்ணன், அலட்டிக்கொள்ளாமல்.

"நீங்க அணைக்க மாட்டீங்களாண்ணே?"

"ஒருக்கா அணைச்சேன். உள்ள ஒரு சார் தூங்கிக்கிட்டு இருந்திருக்காரு. மேல எழுதிப் போட்டுட்டாரு. அணைச்சா ஏன்டா அணைச்சேன்னு கேக்க ஆள் இருக்கு. அணைக்கலைன்னா கேக்க ஒரு ஆள் கிடையாது. நான் எதைச் செய்வேன், சொல்லுங்க?"

நண்பன் என்னைப் பார்த்தான். "ஆடிட் ரிப்போர்ட்ல முதல் வரி இதுதான்" என்றான்.

மூன்று மணி நேரம் சுற்றினோம். பரீட்சைப் பிரிவு அறையில் ஏ.சி. 18-ல் இருந்தது. நாற்காலி முதுகில் ஒரு ஸ்வெட்டர் தொங்கியது. ராமநாதபுரத்தில் ஸ்வெட்டர்! கம்ப்யூட்டர் லேபில் யாரும் இல்லாத நாற்பது மானிட்டர்களில் சின்னச் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, கார்த்திகை மாதிரி. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து, சுவரோரம் ஒரு அரசங்கன்று செழிப்பாக வளர்ந்திருந்தது.

"தண்ணிதானேண்ணே? இதுல கரன்ட் எங்க வந்துச்சு?" என்று நான் கேட்டுவிட்டேன். நண்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

யோசித்துப் பாருங்கள். ராமநாதபுரம் கடற்கரையில் பல இடங்களில் நிலத்தடித் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து வருகிறது. அது தானாக நடந்து வரவில்லை. வழியெல்லாம் மோட்டார் வைத்துத் தள்ளுகிறார்கள். நரிப்பையூரில் கடல் தண்ணீரைக் குடிநீராக்க ஆலையே வைத்தார்கள். அந்த மாதிரி ஆலையில் ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க மூன்று, நாலு யூனிட் கரன்ட் வேண்டும். இந்தக் கடற்கரையில் குழாய் சொட்டினால் சொட்டுவது பாதி தண்ணீர், பாதி கரன்ட்.

* * *

மத்தியானம் ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். என் பி.காம். கடைசியில் உபயோகப்பட்டது.

மொத்தம் 400 ஃபேன். பழைய மாடல், ஒன்று 75 வாட். டைம்டேபிளை வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் நாளைக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆளில்லாமல் சுற்றுகிறது. 400 x 75 வாட் என்றால் 30 கிலோவாட். அது ஐந்து மணி நேரம் - 150 யூனிட். வருஷத்துக்கு 250 நாள் என்று வைத்தால் 37,500 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று குத்துமதிப்பாகப் போட்டால் மூன்று லட்சம் ரூபாய்.

மூன்று லட்சம்! ஒரு பெஞ்சுக்குக்கூட வியர்க்கவில்லை.

பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஹாஸ்டல் பையன்களில் ஒருத்தன் - மூன்றாம் வருஷம், ஆள் பேச்சிலேயே கெட்டி - குறுக்கே வந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? நம்ம மாவட்டத்துலதான் கமுதி இருக்கு. அவ்வளவு பெரிய சோலார். கரன்ட் பூரா சூரியன்ல இருந்து வருது. அப்புறம் எதுக்குண்ணே அணைச்சு அணைச்சுச் சாகணும்?"

நல்ல கேள்வி. எனக்கே தோன்றியிருந்தது. கேட்கத்தான் தைரியமில்லை.

கமுதி சாதாரண விஷயமில்லை. 2016 செப்டம்பரில் முடிந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த சோலார் மின் நிலையங்களில் உலகத்திலேயே அதுதான் பெரிசு. 648 மெகாவாட். சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் பேனல். பேனலில் படியும் தூசியைத் துடைக்க ரோபோ. பின்னால் கர்நாடகத்துப் பாவகடா, ராஜஸ்தானத்துப் பட்லா எல்லாம் அதைத் தாண்டிவிட்டன. ஆனாலும் 'தண்ணியில்லாக் காடு' என்று டிரான்ஸ்ஃபருக்குப் பேர் வாங்கின மாவட்டம், வெயிலை விற்றுப் பேர் வாங்கியது என்றால் பெருமைதானே?

அதன் அருமை எனக்குத் தெரியும். 2012-ல் பாங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று பரமக்குடியில் பெரியப்பா வீட்டில் இருந்தேன். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கரன்ட் கிடையாது. ராத்திரி கரன்ட் வந்தால் தெரு முழுக்க 'ஹே...' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் பாதிப் பேர் எழுந்து மோட்டார் போடுவார்கள், மீதிப் பேர் மாவரைப்பார்கள். நான் தூங்கப் போவேன். (பாங்க் வேலை கிடைக்காததற்கு மின்வெட்டுதான் காரணம் என்று இன்று வரை வீட்டில் நம்புகிறார்கள். நானும் கலைக்கவில்லை.) அந்த இருட்டுக் காலத்தில்தான், 2012 அக்டோபரில், தமிழக அரசு சூரிய மின்சக்திக் கொள்கை வெளியிட்டது. நாலே வருஷத்தில் கமுதி.

ஆனால் பையன் கேள்விக்கு நண்பன் வேறு பதில் வைத்திருந்தான்.

"தம்பி, ராத்திரி எட்டு மணிக்கு உங்க ஹாஸ்டல்ல எத்தனை ஃபேன் ஓடும்?"

"அத்தனையும் ஓடும்ண்ணே."

"எட்டு மணிக்குச் சூரியன் எங்க இருக்கும்?"

பையன் மேலே பார்த்தான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நண்பன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கரன்ட் என்பது ஊர்ப் பொதுத் தொட்டி. கமுதிச் சூரியனும் அதில்தான் விழுகிறது. தூத்துக்குடியில் 1979-லிருந்து எரிகிற அனல் மின் நிலையத்து நிலக்கரியும் அதில்தான் விழுகிறது. முப்பந்தல் காற்றும் அதில்தான். குழாயைத் திறக்கும்போது 'எனக்குச் சூரியன் மட்டும் குடு' என்று கேட்க முடியாது. பகலில் நீங்கள் அணைக்கிற ஃபேனின் சூரியக் கரன்ட் வீணாகப் போவதில்லை. அது வேறு எங்கோ ஒரு மில்லை ஓட்டும். அந்த மில்லுக்காக எரிய வேண்டிய நிலக்கரி அந்த அளவு மிச்சம். சாயந்திரம் சூரியன் டியூட்டி முடித்துக் கிளம்பிய பிறகு, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் விளக்குப் போடுகிறதே, அப்போது நீங்கள் அணைத்தால் இன்னும் விசேஷம்.

நம் நாட்டு அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட் கரன்ட் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி வேண்டும். 150 யூனிட்டுக்கு 105 கிலோ. அதாவது, காலி பெஞ்சுகளுக்குக் காற்று வீச தினம் இரண்டு மூட்டை நிலக்கரி.

வாசலில் தினம் இரண்டு மூட்டையை இறக்கிக் கொளுத்தினால் பிரின்ஸிபாலிலிருந்து வாட்ச்மேன் வரை ஓடி வந்து அணைப்பார்கள். அது தூத்துக்குடியில் எரிகிறது, அதனால் யாருக்கும் கண் எரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்ப கடல் தண்ணியை வச்சு ஏ.சி. போடலாமேண்ணே?" என்றான் இன்னொருத்தன். அதுவும் லேசான கேள்வி இல்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2000-லிருந்து அப்படித்தான் செய்கிறது. பக்கத்து ஏரியின் அடியாழத்தில் இருக்கிற ஜில் தண்ணீரின் குளிரைக் கடன் வாங்கி மொத்த வளாகத்தையும் குளிர வைக்கிறார்கள். குளிரூட்டும் கரன்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் மிச்சம். ஆனால் நம் பாக் நீரிணை பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டர்கூட ஆழம் கிடையாது. மே மாதத்தில் அந்தத் தண்ணீரில் டீத்தூள் போட்டால் போதும்.

* * *

மே மாதக் கடல் என்றதும் அண்ணன் குரல் மாறியது. அவருடைய சொந்த ஊர் மண்டபம் பக்கம். சின்ன வயசில் தீவுப் பக்கம் படகில் போனால், தண்ணீருக்கடியில் பவளப்பாறை கலர் கலராகத் தெரியுமாம்.

"பத்து வருஷம் முந்தி ஒரு கோடையில பாத்தேன் தம்பி. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாக் கெடந்துச்சு."

அது 2016. அதற்கு முன் 2010-லும் மன்னார் வளைகுடாவில் அப்படி வெளுத்தது. பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறும் போடுகிறது, கலரும் தருகிறது. கடல் வழக்கத்தைவிடச் சூடாகி, அந்தச் சூடு வாரக்கணக்கில் நீடித்தால் பாசி வெளியேறிவிடும். மிச்சம் வெள்ளை எலும்பு. சீக்கிரம் சூடு குறைந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினிச் சாவு. பவளம் போனால் அதில் ஒளிந்து வளரும் மீன் போகும். மீன் போனால் அண்ணனின் தம்பி வலையோடு சும்மா திரும்புவார்.

இந்த வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு இப்போது தண்ணீருக்கடியில் இருக்கின்றன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். அன்றைக்குக் கடப்பாரையால் வெட்டினோம். இன்றைக்கு ஸ்விட்சால்.

இந்தக் காலேஜில் நானூறு ஃபேனை அணைத்தால் கடல் குளிர்ந்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். குளிராது. நாட்டின் எல்லாக் கரன்டையும் கலந்து சராசரி பார்த்தால் யூனிட்டுக்கு 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு. நம்முடைய 37,500 யூனிட்டுக்கு வருஷம் 26 டன். உலகக் கணக்கில் அது தூசி. ஆனால் நான் கணக்குப் படித்தவன். லெட்ஜரில் பெரிய தொகை என்று தனியாக எதுவும் வருவதில்லை. எல்லாமே சின்னச் சின்ன வவுச்சர்தான். கூட்டினால்தான் பெரிசு.

* * *

சாயந்திரம் தாளாளர் வந்தார். கையோடு கேட்டார்: "சோலார் எத்தனை கிலோவாட் போடலாம்? கமிட்டி வர்றதுக்குள்ள மாடியில ஏத்திடணும்."

கமிட்டி என்றால் நாக் கமிட்டி. கல்லூரிக்கு கிரேடு போடுகிறவர்கள். மாற்று எரிசக்தி உண்டா, எல்.இ.டி. விளக்கு உண்டா, எனர்ஜி ஆடிட் நடந்ததா என்றெல்லாம் கேட்கிறார்கள். நல்ல விஷயம்தான். நாங்கள் பிழைப்பதே அதனால்தான்.

நண்பன் என்னிடம் பேப்பரை நீட்டச் சொன்னான். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் நாலு யூனிட் கொடுக்கும். அப்படியானால் அந்த வெட்டி 150 யூனிட்டுக்கு மட்டும் 37 கிலோவாட் பேனல் வேண்டும். கிலோவாட்டுக்கு ஐம்பதாயிரம் என்று வைத்தாலும் பதினெட்டு லட்சத்துக்கு மேல்.

"சார், காலி ரூமுக்குக் காத்து வீச பதினெட்டு லட்சம் செலவு பண்றீங்க. முதல்ல பானையில ஓட்டையை அடைச்சிடுவோம். அப்புறம் எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு பாக்கலாம்" என்றான்.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பணத்தில் சொன்னால் எல்லோருக்கும் கண் தெரிகிறது.

நண்பன் கொடுத்த பட்டியல் இவ்வளவுதான்: ரிப்பேராகிற ஃபேனுக்குப் பதில் 30 வாட்டில் சுற்றுகிற பி.எல்.டி.சி. ஃபேன். விலை மூவாயிரம் ரூபாய் போல இருந்தாலும் ஒரு ஃபேனுக்கு வருஷம் எழுநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும். ஏ.சி.யை 24-ல் வைப்பது - ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம். 2020-லிருந்து வரும் நட்சத்திர ஏ.சி.க்கள் போட்டவுடன் 24-ல்தான் நிற்கின்றன. நாம்தான் ரிமோட்டைத் தேடி எடுத்து 18-க்கு இறக்குகிறோம். தண்ணீர் மோட்டாரைச் சூரியன் இருக்கும்போது ஓட்டுவது, தொட்டி நிறைந்தால் தானே நிற்க ஒரு மிதவை. கடைசியில் சோலார், அதுவும் உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத ஸ்டாண்டோடு.

எல்லாவற்றுக்கும் மேலே, பிளாக்குக்கு ஒரு மீட்டர். அதன் நம்பர் தினமும் வாசல் போர்டில்.

"நம்பர் எழுதினா கரன்ட் குறையுமா?" என்றார் தாளாளர்.

குறைந்திருக்கிறது. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் ஓபர்லின் என்று ஒரு கல்லூரி. 2005-ல் அங்கே ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் போட்டி வைத்தார்கள், இரண்டு வாரம். உங்கள் ஹாஸ்டல் எவ்வளவு கரன்ட் தின்கிறது என்று மாணவர்களுக்குக் காட்டினார்கள். மொத்தத்தில் 32 சதவீதம் குறைந்தது. உடனுக்குடன் கம்ப்யூட்டரில் பார்க்க முடிந்த ஹாஸ்டல்களில் 55 சதவீதம்! மாணவர்கள் அதே ஆட்கள்தான். முன்னால் தெரியாத ஒரு நம்பர் இப்போது தெரிந்தது, அவ்வளவுதான்.

நம் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 'ரூமை விட்டு வர்றப்ப லைட்டை அணைக்கத் தெரியாதா?' என்று கத்துகிற அதே அப்பா, ஆபீஸில் மூன்று ஃபேனை ஓடவிட்டு டீ குடிக்கப் போகிறார். கெட்டவர் இல்லை. வீட்டு பில் அவர் கைக்கு வருகிறது. ஆபீஸ் பில் வருவதில்லை. ஸ்விட்ச் ஒருத்தர் கையில், பில் இன்னொருத்தர் கையில். எந்த வளாகத்திலும் வியாதி இதுதான்.

கிளம்பும்போது எலெக்ட்ரீஷியன் அண்ணன் தயங்கித் தயங்கி வந்தார். "ஐயா, எனக்கு ஒரு லெட்டர் மட்டும் குடுத்துருங்க. ஆளில்லாத ரூம்ல அணைக்க எனக்கு அதிகாரம் உண்டுன்னு."

தாளாளர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பேடை வாங்கி, அங்கேயே நின்றபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செலவு, ஒரு தாள். அண்ணன் அதை நாலாக மடித்து டெஸ்டருக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

* * *

ராத்திரி ஒன்பதரைக்கு ராமேஸ்வரம் லாட்ஜுக்குத் திரும்பினேன். கதவைத் திறந்தால் ரூம் ஜில்லென்று இருந்தது. வழியெல்லாம் காரில் நண்பனுக்கே நான் கரன்ட் சிக்கனம் பற்றி லெக்சர் கொடுத்து வந்திருந்தேன்.

கையில் இருந்த சாவி அட்டையைச் செருகலாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பினேன். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு அட்டை செருகியிருந்தது. காலையில் நான் செருகிவிட்டுப் போன என் விசிட்டிங் கார்டு. திரும்பி வரும்போது ரூம் ஜில்லென்று இருக்கட்டும் என்று செய்தது. பன்னிரண்டு மணி நேரம். ஏ.சி. ரிமோட்டைப் பார்த்தேன்.

18.

யார் வீட்டு கரன்ட் என்று கேட்டால் பதில் சொல்ல வசதியாக, கார்டில் என் பேரும் விலாசமும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.